எங்கள் தெருவுக்கு ஒரு குண்டூசி

எங்கள் குடும்பப் பெயர் ஒரு பிரெஞ்சுப் பெயர். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால், உங்களில் யாருக்காவது அதே பெயர் இருந்து, விஷயம் அப்பா காதுக்குப் போய், எங்கள் வீட்டு அடுத்த கல்யாணப் பத்திரிகை உங்கள் வாசலுக்கு வந்துவிடும். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

அந்தப் பெயருக்கு வண்டிக்காரன் என்று அர்த்தமாம். பொருத்தம்தான். நாங்கள் வீடு மாற்றிக் கொடுக்கும் லாரி வைத்திருக்கிறோம். ஒரு வீட்டுச் சாமானைத் தட்டுமுட்டு உட்பட ஏற்றி, இன்னொரு வீட்டில் கீறல் விழாமல் இறக்குவது எங்கள் தொழில். லாரியின் இரண்டு பக்கமும் அந்தப் பெயர்தான், ஆளுயர எழுத்தில். கடைசி எழுத்துகளை உச்சரிக்கக் கூடாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். பெயிண்டர் அந்த எழுத்துகளுக்கும் சேர்த்துத்தான் கூலி வாங்கினார் என்பதால் அப்பா ஒன்று விடாமல் உச்சரிப்பார்.

எங்கள் வீட்டில் பிரெஞ்சு தெரிந்த ஆள் தங்கச்சி மட்டும்தான். அவளுக்கும் கொஞ்சம்தான் வரும். ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் வேலை பார்க்கிறாள். பிரெஞ்சில் சாவி கொடுப்பாள், வெந்நீர் எப்போது வரும் என்று சொல்வாள், சத்தம் போடாதீர்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொள்வாள். அதைத் தாண்டிப் போனால் வாய் நின்று கை பேச ஆரம்பித்துவிடும். நடந்தது முழுக்க அவளை நம்பித்தான் நடந்தது.

அப்பாவின் கொள்கை எளிது. அந்தப் பெயரை வைத்திருப்பவர் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும், என்ன நிறமாக இருந்தாலும், அவர் நமக்குப் பங்காளி. பங்காளிக்குச் சொல்லாமல் வீட்டில் ஒரு காரியம் செய்யக் கூடாது. ஆகவே எங்கள் வீட்டில் கல்யாணம் என்று வந்துவிட்டால், அந்தப் பெயரில் எங்கெங்கே ஆள் இருக்கிறார்கள் என்று தேடி, ஒருவர் விடாமல் பத்திரிகை போகும். அப்பா தொடங்கிய பழக்கமில்லை இது. அவருடைய அப்பாவும் செய்தார், தாத்தாவும் செய்தார். அந்தக் காலத்தில் கப்பலில் வேலை பார்ப்பவர்களைப் பிடித்து, போகிற ஊர்களிலிருந்து டெலிபோன் புத்தகம் வாங்கிவரச் சொல்வார்களாம். இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது. கடல் உறைந்துபோகும் ஒரு துறைமுகத்தில் மீனை டின்னில் அடைக்கிற மனிதருக்கு எங்கள் வீட்டுப் பத்திரிகை போயிருக்கிறது. ஏதோ ஒரு தீவில் பள்ளிக்கூடம் நடத்துகிற அம்மாளுக்குப் போயிருக்கிறது. ஒரு சுரங்க மேஸ்திரிக்கும் போயிருக்கிறது. எல்லாம் தமிழில் அச்சடித்தது. பிரித்துப் பார்த்து அவர்கள் முழித்த முழியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

அம்மா இதைச் சும்மா விடுவதில்லை. அவள் முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பழைய துணிகளை அளவுக்குப் பிடித்தும் பிரித்தும் கொடுக்கிறாள். கழுத்துப்பட்டி முழுக்க எப்போதும் குண்டூசி குத்தியிருக்கும். கட்டிப்பிடிக்க வருகிறவர்கள் ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் வருவார்கள்.

“எத்தனை தலைமுறையா பத்திரிகை போகுது, ஒண்ணாவது நமக்குத் திரும்பி வந்திருக்கா?” என்று கேட்பாள். “அவங்க வீட்டுல யாருக்குமே கல்யாணம் காட்சி நடக்கலையா? உங்க பங்காளிங்க எல்லாம் சாமியாராப் போயிட்டாங்களா?”

“வரும். ஒருநாள் வரும்.”

“பங்காளின்னா சொத்துல பங்கு கேட்டுத்தான் வருவாங்க. வராத வரைக்கும் லாபம்னு இருங்க.”

அம்மா அந்தப் பெயரை ஒருநாளும் தன் பெயரோடு சேர்த்ததில்லை. நான் வந்து சேர்ந்தவள்தானே, உங்கள் லாரிப் பெயர் எனக்கெதற்கு என்பாள். அதில் கோபம் கிடையாது. அவளுக்கு அது ஒரு விளையாட்டு. அப்பாவுக்கு மட்டும் அது விளையாட்டில்லை.

தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வழக்கம்போல் உலகத்துக்கெல்லாம் பத்திரிகை போனது. இந்த முறை பதில் வந்தது. அதுவும் ஆளாகவே வந்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வாசலில் ஒரு டாக்சி நின்றது. ஒரு பெண் இறங்கினார். நரைத்த முடி, தடித்த கண்ணாடி, கையில் ஒரு பெட்டி, முதுகில் கட்டிய மடக்குப் பலகை. எனக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் சாமான்தான் கண்ணில் படும். பெட்டியை டிரைவர் கையில் விட்டுவிட்டு, அந்தப் பலகையை மட்டும் யாரையும் தொடவிடாமல் அவரே இறக்கினார். கண்ணாடி அலமாரியை இப்படி இறக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் நாளைக்கே வேலைக்குச் சேர்த்துக்கொள்வேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கச்சியை ஹோட்டலிலிருந்து வரவழைத்தோம். அவள் பேசிப் பார்த்துவிட்டுக் கண்ணை அகல விரித்தாள்.

“அப்பா, இவங்களுக்கும் நம்ம பேருதான்! அந்தப் பேரு உலகத்துல எங்கெங்கெல்லாம் போயிருக்குன்னு மேப் போடுறாங்களாம். இதுக்குன்னே ஒரு சங்கம் வச்சிருக்காங்களாம்.”

எங்கள் மூத்த டிரைவர் அப்போது வாசலில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு குறுகலான சந்திலும் பின்பக்கமாகவே லாரியைக் கொண்டுபோய்ச் செருகிவிடுவார் என்பதால் அவருக்கு ரிவர்ஸ் என்று பெயர். “அப்ப மேப்பம்மான்னு சொல்லுங்க” என்றார். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

மேப்பம்மா பலகையை விரித்து மேஜைமேல் நிறுத்தினார். உலக வரைபடம். நடுவில் எங்கோ ஒரு சின்ன ஊரில் ஒரு பெரிய சிவப்புக் குண்டூசி. அந்தப் பெயர் பிறந்த ஊர் அது. அங்கிருந்து நூல் நூலாகக் கடல் தாண்டிப் போய், ஒவ்வொரு நுனியிலும் ஒரு குண்டூசி. யுத்தத்துக்குப் பயந்து போனவர்கள், ரொட்டி கிடைக்காமல் போனவர்கள், கடனுக்குப் பயந்து ராத்திரியோடு போனவர்கள் என்று ஒவ்வொரு நூலுக்கும் ஒரு கதை வைத்திருந்தார். சிவப்பு ஊசி என்றால் அந்தப் பெயர் அங்கே இன்னும் வாழ்கிறது. கறுப்பு என்றால் அந்த ஊர்வரை வந்து முடிந்துபோனது. அப்பன் பிள்ளை, அப்பன் பிள்ளை என்று அறுபடாமல் வந்தால்தான் சிவப்பு. அது சங்கத்தின் விதி.

அப்பா குனிந்து தேடினார். எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ஊசி இல்லை. விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பல் டாக்டரிடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர் நாக்கால் தடவிப் பார்ப்பதுபோல் இருந்தது.

“இங்க ஒண்ணு குத்துவாங்களான்னு கேளு” என்றார் தங்கச்சியிடம்.

அப்பாவுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை எதுவும் இருந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்தேன். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு சிவப்புக் குண்டூசி.

மேப்பம்மா சிரித்துக்கொண்டே போனைத் திறந்து படம் படமாகக் காட்டினார். மீன் டின்காரர் வீட்டுச் சமையலறை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது என் அத்தையின் கல்யாணப் பத்திரிகை. தீவுப் பள்ளிக்கூட அம்மாளின் வரவேற்பறை. கண்ணாடிச் சட்டத்துக்குள் என் கல்யாணப் பத்திரிகை. சுரங்க மேஸ்திரி வீட்டில் ஒரு மர டப்பா நிறைய. எங்கள் தாத்தாவின் கல்யாணத்திலிருந்து எல்லாமே அதில் இருந்தது.

தங்கச்சி சொல்லச் சொல்லத் தடுமாறினாள். “இவங்க யாருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாதாம்பா. ஒரே பேருன்னாலும் நூறு வருஷமாத் தொடர்பே இல்லையாம். இவங்க போன எல்லா வீட்டுலயும் இருந்த ஒரே பொதுவான பொருள் நம்ம பத்திரிகைதானாம். ஒரு எழுத்தும் புரியலன்னாலும் யாருமே தூக்கிப் போடலையாம். அதைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியவச்சாங்களாம். இப்ப எல்லாரும் என் கல்யாணத்துக்கு வர்றாங்களாம்.”

மெஷின் சத்தம் நின்றது. முன்னறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். “எத்தனை பேரு?” என்றாள். அவளுக்குச் சாப்பாட்டுக் கணக்கு.

மேப்பம்மா இன்னும் முடிக்கவில்லை. வரைபடத்தில் ஒரு நூல் பாதிக் கடலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஊசி இல்லை. மூல ஊரில் இருந்த ஒரு வண்டிக்காரரின் தம்பி, இரண்டு பாரவண்டிகளைக் கழற்றிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு எங்கேயோ கிளம்பினாராம். பிறகு தகவலே இல்லை. மேப்பம்மா பெட்டியிலிருந்து ஒரு சிவப்புக் குண்டூசியை எடுத்து, எங்கள் ஊருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

தங்கச்சி மெல்லச் சொன்னாள். “நீங்க அந்தத் தம்பியோட வம்சம்தானேன்னு கேக்குறாங்க.”

எங்கள் எல்லோருக்கும் உண்மை தெரியும். மறைத்துவைத்த உண்மையும் இல்லை. வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது சொல்கிற கதை அது. நாங்கள் அந்தத் தம்பியின் வம்சம் இல்லை.

நான் சிரித்த முகத்தை மாற்றாமல் தமிழில் சொன்னேன். “அப்பா, வாயே திறக்க வேண்டாம். தலையை மட்டும் ஒரு ஆட்டு ஆட்டுங்க. ஊசி ஏறிடும்.”

“ஆமாப்பா. நூலும் சேர்ந்துடும், எல்லாருக்கும் சந்தோஷம்” என்றாள் தங்கச்சி. ரிவர்ஸ் வாசலிலிருந்து, “முதலாளி, ஆட்டுங்க” என்றார். எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைத்து மேப்பம்மா எங்கள் எல்லோரையும் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார்.

அப்பா தலையை ஆட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “சொல்றத ஒண்ணு விடாம சொல்லணும்” என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

அந்தப் பிரெஞ்சுக்காரர் இங்கேதான் வந்து இறங்கினார். துறைமுகத்தில் அவருடைய வண்டிகளுக்கு மூட்டை ஏற்றியவர் அப்பாவின் கொள்ளுத்தாத்தா. வீட்டில் அவரை மூட்டைத் தாத்தா என்போம். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. ஆனால் சேர்ந்து வேலை செய்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், வண்டிக்கு அடியில் சேர்ந்து தூங்கினார்கள். ஒரு மழைக்காலத்தில் விஷக்காய்ச்சல் வந்தது. பிரெஞ்சுக்காரர் போய்ச் சேர்ந்தார். உறவு என்று கேட்டு வர ஆள் இருந்தால் தனிக் குழி, இல்லாவிட்டால் எல்லோரையும் ஒரே பள்ளத்தில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டிவிடுவார்கள். அதிகாரி ஆஸ்பத்திரி வாசலில் நின்று, இவனுக்கு உறவுக்காரன் யாராவது உண்டா என்று கேட்டார். மூட்டைத் தாத்தா முன்னால் போய், நான்தான் தம்பி என்றார்.

அதிகாரி செத்தவரின் நிறத்தைப் பார்த்தார், இவர் நிறத்தைப் பார்த்தார். “தம்பியா?”

“ஆமாங்க. அம்மா வேற.”

அப்பாவும் வேறு என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சிரிப்பார்கள். தங்கச்சி இதைச் சொன்னபோது மேப்பம்மாவும் சிரித்துவிட்டார். பள்ளம், சுண்ணாம்பு என்பதெல்லாம் வரவேற்பறைப் பிரெஞ்சில் கிடையாது. அவற்றைச் சொல்லத் தங்கச்சியின் கைதான் பாடுபட்டது.

அதிகாரி அந்தப் பெயரையே இவருக்கும் எழுதினார். உடம்பைக் கொடுத்தார். தம்பி என்பதால் வண்டிகளையும் கொடுத்தார். மூட்டைத் தாத்தா தன் கையால் குழி வெட்டினார், கல் நட்டார். அதற்கப்புறம் பெயரைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

“அந்த ரெண்டு வண்டியிலதான் எங்க தொழில் ஆரம்பிச்சுது. அது எங்களுது இல்ல” என்றார் அப்பா. “அவரோட சொந்தக்காரங்க யாராவது கிடைச்சா செய்தி சொல்லணும், வண்டியக் கேட்டா கொடுத்துடணும்னு சொல்லிட்டுப் போனாரு எங்க கொள்ளுத்தாத்தா. எந்த ஊரு, யாரு, எதுவும் தெரியாது. பேரு ஒண்ணுதான் தெரியும். அதான் அந்தப் பேருள்ள எல்லாருக்கும் சொல்லி அனுப்பிக்கிட்டே இருக்கோம். சாவுச் செய்திய முகம் தெரியாதவங்களுக்கு எப்படி அனுப்புறது? அதான் கல்யாணச் செய்தியா அனுப்புறோம். வந்தாங்கன்னா நேர்ல சொல்லிக்கலாம்னு.”

எனக்கே இது புதிது. பங்காளிக்குச் சொல்ல வேண்டும் என்பதுவரைதான் எனக்குத் தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்பதை அப்பா இதுவரை சொன்னதில்லை.

மேப்பம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு தொங்கிக்கொண்டிருந்த நூலை எடுத்து எங்கள் ஊர்வரை இழுத்தார். சிவப்பு ஊசியைப் பெட்டியில் வைத்துவிட்டு, கறுப்பு ஊசியை எடுத்துக் குத்தினார்.

“விதி அப்படித்தானாம்பா” என்றாள் தங்கச்சி. அவள் குரல் உள்ளே போய்விட்டது. “அந்தப் பேரு இங்க வந்து முடிஞ்சுடுச்சுன்னுதான் போட முடியுமாம். மன்னிச்சிடுங்கன்னு சொல்றாங்க.”

முடிந்துவிட்டதாம். வாசலில் ஆளுயர எழுத்தில் அந்தப் பெயரோடு மூன்று லாரிகள் நிற்கின்றன. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மேப்பம்மாவைத் தங்கச்சியோடு அறைக்கு அனுப்பிவிட்டு அப்பாமேல் பாய்ந்தேன்.

“ஒரு தலையாட்டல்! அதைச் செய்ய உங்களுக்கு முடியல. இப்ப நம்ம வீட்டுமேல கறுப்பு ஊசி. வர்ற பங்காளிங்க எல்லாம் அதைப் பார்க்கத்தான் போறாங்க. சந்தோஷமா?”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் ஆடவில்லை.

“அவரு மகன் வழின்னு சொல்லியிருந்தா எங்க கொள்ளுத்தாத்தா இல்லாமயே போயிடுவாரு பாப்பா. அப்பனை மகன் பொதைச்சா அது கடமை. அதுல என்ன பெருமை இருக்கு? இவரு செஞ்சது கடமை இல்ல. யாருன்னே தெரியாத ஒருத்தனுக்குத் தம்பின்னு போய் நின்னாரு. ஒரு சிவப்பு ஊசிக்காக அவரை நான் அழிக்க மாட்டேன்.”

எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். மூட்டை தூக்குகிற ஆண்களை மேய்த்துப் பாருங்கள், உங்களுக்கும் நீளும். அன்றைக்கு மட்டும் அதை மடக்கிவைத்துவிட்டு, அப்பாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். துணி கையில் இருந்தது, கால் மிதிக்கவில்லை.

கல்யாணத்தன்று பங்காளிகள் வந்தார்கள். மீன் டின்காரர், பள்ளிக்கூட அம்மாள், சுரங்க மேஸ்திரியும் அவருடைய நான்கு மகன்களும், இன்னும் பலர். மண்டப வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்து மூக்கையும் காதையும் ஒப்பிட்டுக்கொண்டு சிரித்தார்கள். எல்லோர் கையிலும் ஒரு பழைய பத்திரிகை இருந்தது. அதைக் காட்டாவிட்டால் உள்ளே விடமாட்டோம் என்று யாரோ சொல்லிவிட்டதுபோல் நீட்டினார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும் பத்திரிகையை வாங்கிப் பார்த்து, “இது என் கல்யாணம்”, “இது எங்கப்பா கல்யாணம்” என்று சொல்லி உள்ளே அனுப்பினார். முகத்தில் ஒரு வாட்டமும் காட்டவில்லை. வரைபடப் பலகை மண்டபத்தின் ஓரத்தில் நின்றது. அப்பா அந்தப் பக்கம் போகவே இல்லை.

கடைசியாக வந்தவர் மூல ஊர்க்காரர். வயதானவர், தேனீ வளர்ப்பவர், சங்கத்தின் தலைவர். அப்பன் பிள்ளை விதியை எழுதியதே அவர்தானாம். தேன்காரர் நேராக வரைபடத்துக்குப் போனார். கறுப்பு ஊசியைப் பார்த்தார். மேப்பம்மா அவர் காதில் நெடுநேரம் பேசினார். மாலை மாற்றி, சாப்பாடு முடிந்து, கைகழுவிக்கொண்டிருக்கும்போது தேன்காரர் மணமேடைக்கே வந்து கல்யாணப் பெண்ணிடம் ஏதோ கேட்டார்.

“அப்பா, அவரு எங்க இருக்காருன்னு கேக்குறாரு” என்றாள் தங்கச்சி. “அந்தத் தம்பி.”

கார்கள் போதவில்லை. நான் லாரியைக் கொண்டுவரச் சொன்னேன். சாமான் சுற்றுகிற கம்பளிகளை விரித்துப் போட்டு, கல்யாண உடையோடு எல்லோரையும் ஏற்றினேன். பெரியவர்கள் உள்பக்கம், இளசுகள் வாசல் பக்கம். எந்தப் பாரமும் ஆடாமல் ஏற்றுவது எனக்குக் கைவந்த வேலை. இடுகாட்டுச் சந்து குறுகல் என்பதால் ரிவர்ஸ் தன் பெயருக்குத் தக்கபடி பின்பக்கமாகவே லாரியைக் கொண்டுபோய் நிறுத்தினார். மாப்பிள்ளை புது ஆள். எங்கள் வீட்டுக் கல்யாணம் எல்லாம் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து ஒரு கேள்வியும் கேட்காமல் கூட வந்தார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

வரிசையில் முதலாவதான பிரெஞ்சுக்காரரின் கல் சின்னது, மூலை உடைந்தது, ஆனால் பளிச்சென்று இருந்தது. அப்பா மாதம் ஒருமுறை போய்க் கழுவுவார். அதில் அந்தப் பெயர், அதற்குக் கீழே இறந்த வருஷம். தேன்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்து விரலால் தடவித் தடவி வருஷத்தைப் படித்தார். படித்ததும் அப்படியே குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

மேப்பம்மா சொல்ல, தங்கச்சி எங்களுக்குச் சொன்னாள். “அவங்க ஊருல குடும்பக் கல்லு ஒண்ணு இருக்காம். அதுல இவரோட பேரும் பிறந்த வருஷமும் மட்டும் வெட்டியிருக்காம். பக்கத்துல வெறும் இடமாம். இவரோட அம்மா அந்த வெறும் இடத்தைப் பார்த்துப் பார்த்தே செத்துப்போனாங்களாம். நாலு தலைமுறையா அந்த இடம் அப்படியே இருக்காம்.”

தேன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் புதைத்தது என்று கேட்டார். அப்பா பக்கத்துக் கல்லைக் காட்டினார். ஒரு கையை இந்தக் கல்லிலும் மறு கையை அந்தக் கல்லிலும் வைக்கிற அளவு நெருக்கம். மூட்டைத் தாத்தா அப்படித்தான் வேண்டும் என்று சொல்லிவைத்துப் போனாராம். அதிலும் அதே பெயர். அதற்கடுத்து அப்பாவின் தாத்தா, அதே பெயர். அடுத்து எங்கள் தாத்தா. தேன்காரர் எழுந்து கல் கல்லாக நடந்து, ஒவ்வொன்றிலும் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தார். கடைசி எழுத்துகளை விட்டுவிட்டுத்தான் படித்தார், ஆனால் அப்பா அதைத் திருத்தவில்லை.

வரிசையின் கடைசியில் திரும்பி நின்று அவர் மெதுவாகப் பேசினார். தங்கச்சிக்கு அன்று வார்த்தை தடுமாறவில்லை.

“தம்பின்னு முன்னால வந்து நின்னவன் தம்பிதான்னு சொல்றாரு. விதி எழுதினப்ப இந்த இடத்தை அவரு பார்க்கலையாம்.”

மண்டபத்துக்குத் திரும்பியதும் தேன்காரர் வரைபடத்தின் முன்னால் போய் நின்று சிவப்பு ஊசி கேட்டார். மேப்பம்மா டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். அன்று வந்த பங்காளிகள், ஏற்கெனவே ஊசி இருந்தும், ஆளுக்கொன்று தங்கள் ஊருக்குப் பெருமையாகக் குத்தியதில் தீர்ந்துபோயிருந்தது. தேன்காரர் யோசிக்கவே இல்லை. மூல ஊரில் இருந்த பெரிய ஊசியைப் பிடுங்கக் கை நீட்டினார். தனக்கு மூன்றும் பெண்கள், தனக்குப் பிறகு அந்த ஊருக்கே கறுப்புதான், இது இங்கே இருக்கட்டும் என்றாராம். தங்கச்சி சொல்லி முடிப்பதற்குள் அப்பா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“அய்யய்யோ, வேண்டாம்னு சொல்லு! எங்க தொழில் வீட்டை மாத்துறதுதான். ஆனா இருக்கிற வீட்டை இடிச்சு இன்னொரு வீடு கட்ட மாட்டோம்னு சொல்லு!”

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒருவர் பாஷை ஒருவருக்குப் புரியாமல், விடமாட்டேன் விடமாட்டேன் என்று நின்றார்கள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். கல்யாணத்துக்கு உடுத்திய புது உடையிலும் கழுத்துப்பட்டியில் வரிசையாகக் குண்டூசி குத்தியிருந்தது. அதிலிருந்து சிவப்புத் தலை உள்ள ஒன்றை உருவினாள்.

“எல்லாரும் தள்ளுங்க. இங்க ஊசி குத்தத் தெரிஞ்சவ நான்தான்.”

மேப்பம்மா கறுப்பு ஊசியை எடுக்கப் போனார். அம்மா தடுத்தாள்.

“அது இருக்கட்டும்னு சொல்லுடி. அவரும் இங்கதானே இருக்காரு? நம்மளது பக்கத்துல இருக்கட்டும்.”

நம்மளது என்றாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கறுப்பை ஒட்டினாற்போல் சிவப்பை வைத்து, கட்டைவிரலால் மரம்வரை இறங்க அழுத்தினாள். இடுகாட்டில் பார்த்த அந்த இரண்டு கல்லின் நெருக்கம் அப்படியே இருந்தது. அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிமிர்ந்தது. அந்த மனிதரின் மகள் என்று அங்கே உரக்கச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

தேன்காரர் அப்பாவின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். தங்கச்சி கேட்டுவிட்டு உடனே சொல்லவில்லை. ஒருமுறை மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“வண்டி கணக்கெல்லாம் பேசவே கூடாதாம்பா. அவங்க ஊர்க் கல்லுல அந்த வருஷத்தை வெட்டப்போறாங்களாம். தம்பி வீட்டு ஆளுங்க வந்து நின்னாத்தான் வெட்டுவாராம். குடும்பத்தோட வரணும்னு நமக்குச் சொல்றாரு. முறையா பத்திரிகையும் அனுப்புறாராம்.”

அப்பா கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். அம்மாதான் பதில் சொன்னாள்.

“வந்துடுறோம்னு சொல்லு. அங்க குளிருமா கேளு, இவருக்கு ஒரு கோட்டு தைக்கணும்.”